ஆவூர்ப் பாதக்குறடும் வேளாங்கண்ணி நடையும்

விராலிமலை வட்டாரத்து ஆவூரைத் தமிழகக் கிறிஸ்தவ வரலாறு படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். மதுரை மிஷனைச் சேர்ந்த சேசு சபைத் துறவி பூஷே 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே தங்கிக் கோயில் எழுப்பினார். ஈஸ்டரை ஒட்டி இன்றும் இங்கே தேர் ஓடுகிறது. அந்த மிஷனின் சாமியார்கள், ராபர்ட் தெ நொபிலி போட்டுக் கொடுத்த வழியில், காவி உடுத்திப் பாதக்குறடு மாட்டி நடந்தவர்கள். தோல் ஷூவில் வளர்ந்த ஐரோப்பியக் கால்களுக்கு இந்த வறண்ட சரளை மண்ணில் மரக்கட்டைமேல் நடப்பது எப்படி இருந்திருக்கும்? பக்தியை ஒதுக்கிவைத்துவிட்டு வெறும் எலும்பு, தசைக் கணக்காகப் பார்த்தாலும் இது நல்ல கேள்விதான். ஏனென்றால், பாதம் சாதாரணமாகச் செய்கிற வேலைகளில் பாதியைப் பாதக்குறடு செய்யவிடாது. எது தடைபடுகிறது என்று பார்த்தால் எது நடந்துகொண்டிருந்தது என்பது புரியும்.

பாதக்குறட்டுக்கு வார் கிடையாது. ஒரு கட்டை, அதில் ஒரு குமிழ். பெருவிரலும் பக்கத்து விரலும் குமிழைக் கவ்விப் பிடித்தால்தான் கட்டை காலோடு வரும். செருப்பில்லாத காலோடு மெதுவாக நடந்து, பின்னால் இருக்கும் காலைக் கவனியுங்கள். குதிகால் தரையை விட்டு எழுகிறது. விரல்கள் மட்டும் தரையிலேயே பதிந்திருக்கின்றன. அதாவது, விரல்கள் புறங்கால் பக்கமாக நன்றாக வளைகின்றன. மரக்கட்டை வளையாது. ஆகவே பாதக்குறடு போட்டவர் குதிகாலை எழுப்பி உந்த முடியாமல், முழங்காலை மடக்கிப் பாதத்தை மொத்தமாகத் தூக்கி, மொத்தமாக வைக்கிறார். எட்டு குறுகுகிறது, நடை நிதானமாகிறது. துறவிக்கு உரிய நடை என்று பார்ப்பவர்கள் மதித்தது ஓரளவுக்குக் கட்டையின் வேலை.

விரல் வளைவதில் அப்படி என்ன இருக்கிறது? குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை உள்ளங்காலுக்குள் ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. விரல்கள் மேல்நோக்கி வளையும்போது இந்தப் பட்டை விரல் மூட்டுகளைச் சுற்றி இழுபடும். இழுபட்டால் குதிகாலும் முன்பாதமும் ஒன்றையொன்று நெருங்கும். நடுவில் உள்ள வளைவு எழும்பி இறுகும். ஒரு நொடிக்கு முன் தரைக்கு ஏற்றபடி தளர்ந்து கிடந்த பாதம் சட்டென்று விறைத்த நெம்புகோலாகிவிடுகிறது. கெண்டைக்கால் தசை இழுக்கும் இழுப்பு வீணாகாமல் தரையை உந்துவதற்குப் போய்ச் சேருகிறது. இங்கிலாந்தின் ஹிக்ஸ் 1954இல் இதை விளக்கினார். உட்கார்ந்தபடியே கையால் உங்கள் பெருவிரலை மேல்நோக்கி மடக்கிப் பாருங்கள், உள்வளைவு தானாக எழும்பும். பட்டையின் உள்விளிம்பு கயிறுபோல விரலுக்குத் தட்டுப்படும். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஊசி குத்துகிறது என்று பலர் சொல்வதும் பெரும்பாலும் இதே பட்டையின் குதிகால் முனையில் வரும் கோளாறுதான். எக்ஸ்ரேயில் முள்போல எலும்பு தெரிந்தால் பயந்துவிடுகிறார்கள். அந்த முள் வலியே இல்லாத பலரிடமும் உண்டு.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள். இரண்டு பாதங்களையும் சேர்த்தால் 52, உடம்பின் 206 எலும்புகளில் கால்வாசி. நிற்பதற்கு மட்டும் என்றால் இத்தனை துண்டுகள் தேவையில்லை. நடையில் ஒவ்வொரு அடியும் இரண்டு எதிரெதிர் வேலைகளைக் கேட்கிறது: தரையில் படும்போது இளக வேண்டும், தரையை விடும்போது இறுக வேண்டும். இவ்வளவும் ஒரு நொடிக்குள் முடிய வேண்டும்.

இதற்குச் சாட்சி உங்கள் வீட்டு வாசலில் கிடக்கிறது. பழைய ரப்பர் செருப்பு ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்குக் குதிகாலின் பின்பக்கம், வெளிவிளிம்பு ஓரமாகத் தேய்ந்திருக்கும். பாதம் அந்த இடத்தில்தான் முதலில் தரையைத் தொடுகிறது. அங்கிருந்து பாரம் வெளியோரமாக முன்னேறி, பிறகு முன்பாதத்தின் குறுக்கே உள்பக்கம் வந்து, பெருவிரலின் அடியில் முடிகிறது. மேல்புறத்தில் பெருவிரல் பள்ளம் ஆழமாகப் பதிந்திருப்பது அதனால்தான். குதிகாலின் உள்விளிம்பு தேய்ந்திருந்தால், அல்லது இரண்டு செருப்பும் வெவ்வேறு மாதிரி தேய்ந்திருந்தால், நடையில் ஏதோ ஒரு பக்கச் சாய்வு இருக்கிறது என்று கொள்ளலாம். நல்ல எலும்பு மருத்துவர் நோயாளியின் காலைப் பார்க்கும் முன் செருப்பைப் பார்ப்பார்.

வெளியோரம் தொட்ட பாதம் உள்பக்கம் சாயும்போது அந்தச் சாய்வு பாதத்தோடு நிற்பதில்லை. கணுக்காலுக்குக் கீழே குதிகால் எலும்பின்மேல் ஒரு சாய்வான மூட்டு இருக்கிறது. அதன் அமைப்பு காரணமாக, குதிகால் உள்ளே சாய்ந்தால் முழங்காலுக்குக் கீழ் உள்ள எலும்பும் உள்நோக்கித் திரும்பியே தீரும். முழங்காலும் இடுப்பும் அந்தத் திருப்பத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அளவோடு இருக்கும்வரை இது அதிர்ச்சி தாங்கும் ஏற்பாடு. சாய்வு மிகுந்தால் மேலே உள்ள மூட்டுகளுக்குச் சுமை கூடும். இதைப் பிடித்துக்கொண்டு, முதுகுவலி முதல் தலைவலிவரை எல்லாவற்றுக்கும் பாதச் சாய்வே காரணம் என்று ஆயிரக்கணக்கில் விலை வைத்துச் செருப்புத் தகடு விற்கிறவர்கள் உண்டு. கீழே உள்ள சாய்வு மேலே எட்டும் என்பது உண்மை. எல்லா வலியும் அங்கிருந்தே வருகிறது என்பது வியாபாரம்.

முழங்கால் விஷயத்தில் சான்று கொஞ்சம் உறுதியாகவே இருக்கிறது. நடக்கும்போது தரை நம்மை மேலே தள்ளும் விசை முழங்காலின் நடுவே போகாமல் சற்று உள்பக்கமாகப் போகிறது. அதனால் மூட்டின் உள்பாதிக்குத்தான் சுமை அதிகம். வயதானவர்களின் மூட்டுத் தேய்மானம் உள்பக்கமே மிகுதியாக இருப்பதற்கும் கால் வில்லாக வளைவதற்கும் இது ஒரு காரணம். சிகாகோவில் ஷகூரும் பிளாக்கும் 2006இல் மூட்டுத் தேய்மானம் உள்ள 75 பேரை, அவர்கள் வழக்கமாகப் போடும் ஷூவோடும் வெறுங்காலோடும் நடக்கவைத்து அளந்தார்கள். வெறுங்காலில் முழங்காலை உள்பக்கம் நெருக்கும் திருப்புவிசை சுமார் 12 சதவீதம் குறைந்தது. பின்னர் செய்த அளவீட்டில், மெல்லிய ரப்பர் செருப்பும் ஏறக்குறைய வெறுங்கால் அளவுக்கே இருந்தது. ஹைஹீல்ஸ் அதற்கு நேர்மாறு. 1998இல் வெளிவந்த கெரிகன் குழுவின் ஆய்வில், உயர்ந்த குதி வைத்த செருப்பு முழங்காலின் உள்பக்கச் சுமையைச் சுமார் 23 சதவீதம் கூட்டியது.

இந்த இடத்தில் நம் ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் பெருமை வரும். வரலாம், தவறில்லை. செருப்பில்லாத பாதத்தைப் பற்றிய முக்கியமான ஆய்வுகள் சில தென்னிந்தியாவில்தான் நடந்திருக்கின்றன. 1992இல் உதய பாஸ்கர ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் 4 முதல் 13 வயதுவரையிலான 2,300 பிள்ளைகளின் பாதச்சுவடுகளை எடுத்துப் பார்த்தார்கள். செருப்புப் போட்டு வளர்ந்தவர்களில் 8.6 சதவீதத்தினருக்குத் தட்டைப்பாதம் இருந்தது. வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம்தான். செருப்பு வகைகளுக்குள்ளும் வேறுபாடு இருந்தது. விரலை மூடிய ஷூவில்தான் தட்டைப்பாதம் அதிகம். பெங்களூர்ப் பகுதியில் வெறுங்காலோடு வாழ்ந்தவர்களைச் செருப்புப் போடும் இந்தியர்களோடும் ஐரோப்பியர்களோடும் ஒப்பிட்டு, பெல்ஜிய ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2009இல் வெளியானது. வெறுங்கால்காரர்களின் முன்பாதம் அகலமாக இருந்தது. பாரம் பாதம் முழுக்கப் பரவலாக விழுந்தது. ஓரிரு இடங்களில் மட்டும் அழுத்தம் குவியவில்லை.

குழந்தைக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. வளைவு உருவாகும் சின்ன வயதில் நாளெல்லாம் இறுக்கமான பள்ளிக்கூட ஷூவில் பாதத்தை அடைத்துவைப்பது நல்லதல்ல. ஆனால் தட்டைப்பாதம் எல்லாமே நோயும் அல்ல. நுனிக்காலில் நிற்கும்போது வளைவு தோன்றினால், வலியும் இல்லையென்றால், அதற்குச் சிகிச்சை தேவையில்லை. ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அதிகாலையில் சாலையோரம் ஓடிப் பயிற்சி எடுக்கும் புதுக்கோட்டைப் பையன்களுக்குத்தான் அது பெரிய கவலை. அங்கே ஈரப் பாதத்தைத் தரையில் பதிக்கச் சொல்லிப் பார்ப்பார்கள்.

வளைவு என்றால் குதிகாலிலிருந்து விரல்வரை நீளவாக்கில் உள்ளதைத்தான் எல்லாரும் நினைக்கிறோம். குறுக்குவாக்கிலும் ஒன்று உண்டு. நடுப்பாதத்தின் மேல்புறத்தைக் குறுக்கே தடவினால் மேடு தெரியும். யேல் பல்கலைக்கழகத்தின் மதுசூதன் வெங்கடேசனும் அவருடைய கூட்டாளிகளும் 2020இல் ‘நேச்சர்’ இதழில் இந்தக் குறுக்கு வளைவின் முக்கியத்துவத்தை நிறுவினார்கள். ரூபாய் நோட்டு ஒன்றின் ஓரத்தைப் பிடித்து நீட்டினால் துவண்டு தொங்கும். பிடித்த ஓரத்தைக் குறுக்கே சற்றே வளைத்துப் பிடித்தால் விறைத்து நிற்கும். பாதத்தின் விறைப்பில் 40 சதவீதத்துக்கும் மேல் இந்தக் குறுக்கு வளைவால் வருகிறது என்று கணக்கிட்டார்கள். நீளவாக்கு வளைவு குறைவாக இருந்தும் பல தட்டைப்பாதக்காரர்கள் சிரமமின்றி நடப்பதற்கு இது ஒரு விளக்கம்.

இன்னொரு வேலையையும் சொல்லியாக வேண்டும், சுருக்கமாக. அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரைகளில் ரத்த அழுத்தம் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருக்கும். நடக்க ஆரம்பித்தால் உள்ளங்காலும் கெண்டைக்காலும் அடிக்கு அடி ரத்தத்தைப் பிழிந்து மேலே அனுப்ப, அது மூன்றில் ஒரு பங்காகக் குறையும். ஜவுளிக்கடையில் பகல் முழுக்க நிற்கும் பெண்ணுக்குக் கால் வீங்குவது வேலை அதிகம் என்பதால் மட்டும் அல்ல, நடை இல்லை என்பதாலும்தான். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. எத்தனை கடைகளில் அந்த இருக்கை இருக்கிறது என்று அடுத்த முறை துணி எடுக்கப் போகும்போது பாருங்கள்.

இதுவரை சொன்னவை எலும்பும் நாரும் தசையும். இவற்றையெல்லாம் விடப் பெரிய விஷயத்தை உலகத்துக்குக் காட்டியது வேலூர். பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். 1946இல் அறுவை மருத்துவராக வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளின் உள்ளங்காலில் வரும் ஆறாத புண்களை அந்தக் காலத்தில் நோய் சதையைத் தின்பதாகவே மருத்துவர்களும் நினைத்தார்கள். பிராண்ட் அதை மறுத்தார். சதையில் குறை இல்லை, கட்டுப் போட்டு ஓய்வு கொடுத்தால் மற்றவர்களைப்போலவே ஆறுகிறது என்று காட்டினார். இலங்கையில் மில்ராய் பால் 1930களிலேயே இத்தகைய கால்களுக்கு மாவுக்கட்டுப் போட்டு ஆறவைத்திருந்தார். அப்படியானால் புண் எங்கிருந்து வருகிறது? நடையிலிருந்து. வலி தெரியாத நடையிலிருந்து.

ஆரோக்கியமான ஒருவர் பத்துக் கிலோமீட்டர் நடக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கிலோமீட்டரில் பாதத்தை வைத்த மாதிரியே பத்தாவதிலும் வைப்பதில்லை. பெருவிரல் அடி லேசாகக் கனத்தால், அவர் அறியாமலே பாரம் வெளியோரத்துக்கு மாறும். அங்கே சூடேறினால் எட்டு குறுகும். அவர் யாரோடோ பேசிக்கொண்டே நடந்துகொண்டிருப்பார். இந்தக் கணக்கெல்லாம் நினைப்புக்கு எட்டாமல் நடந்துவிடும். நரம்பு மரத்த பாதத்தில் இந்தச் செய்தி மேலே போவதில்லை. முதல் அடியும் பத்தாயிரமாவது அடியும் ஒரே இடத்தில், ஒரே அழுத்தத்தில் விழுகின்றன. ஒரு அடியின் அழுத்தம் சாதாரணமானதுதான். தோலைக் கிழிக்கும் அளவு கிடையாது. ஆனால் ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கில் விழுந்தால் சதை உள்ளுக்குள் கன்றிச் சூடேறி, கடைசியில் உடைகிறது. 1966இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போன பிறகு பிராண்ட் இதை எலிகளின் பாதத்தில் அழுத்தி அழுத்திச் சோதித்து நிறுவினார். அழுத்தத்தைப் பரப்பிக் கொடுக்க நுண்துளை ரப்பரை அடியில் வைத்த செருப்பு வேலூரிலும் காரிகிரியிலும் உருப்பெற்றது. இன்று சர்க்கரை நோயாளிகள் கடையில் கேட்டு வாங்கும் எம்.சி.ஆர். செருப்பு அதன் வாரிசு.

ஆக, பாதம் நல்ல நிலையில் இருப்பதற்கு அடிப்படை உள்ளங்காலின் உணர்ச்சி. வளைவும் தசையும் அதற்குக் கட்டுப்பட்டு வேலை செய்கின்றன. வெறுங்காலில் நடந்து தடித்த தோல் உணர்ச்சியை மழுக்கிவிடும் என்று தோன்றலாம். கென்யாவில் வெறுங்காலோடு நடப்பவர்களிடம் ஹோலோவ்காவும் லீபர்மேனும் செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வு அப்படி இல்லை என்கிறது. தடித்த தோல் காப்பும் தருகிறது, உணர்ச்சியையும் மேலே கடத்துகிறது. மெத்தென்ற ஷூ அடி அப்படிச் செய்வதில்லை. வயற்காட்டு வரப்பில் வெறுங்காலோடு நடந்து பழகிய ஆவூர்ப் பாட்டியின் பாதம், காய்த்துப் போயிருந்தாலும், முள்ளுக்கும் கல்லுக்கும் வித்தியாசம் தெரிந்தே வைக்கப்படுகிறது. இதனால்தான் வெறுங்கால் நடையைப் புகழ்கிறவர்களோடு நான் பாதி தூரம் உடன்படுகிறேன்.

மீதி பாதி தூரம் உடன்பட முடியாததற்குக் காரணம் சர்க்கரை. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஐ.சி.எம்.ஆருடன் சேர்ந்து நடத்தி 2023இல் வெளியிட்ட கணக்கின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். ஆண்டுகள் ஆக ஆக இவர்களில் பலருக்குப் பாத நரம்புகள் கெடும். முதலில் எரிச்சல், ஊறல். பிறகு பஞ்சின்மேல் நடப்பது போன்ற மதமதப்பு. கடைசியில் ஒன்றும் தெரியாது. எரிச்சல் நின்றுவிட்டது, குணமாகிவிட்டது என்று மகிழ்கிறவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் அதுதான் ஆபத்தான கட்டம். தொழுநோயாளியின் பாதம் எந்த நிலையில் இருந்ததோ அதே நிலைக்கு இவர்கள் பாதமும் வந்துவிட்டது.

இப்போது அந்தப் பாதத்தை வேளாங்கண்ணிச் சாலையில் வையுங்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 பெருவிழா. அந்த நாட்களில் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கமிருந்து காவி உடை உடுத்திச் சாரிசாரியாக நடந்து போகிறவர்களை எல்லாரும் பார்த்திருப்போம். தைப்பூசத்துக்குப் பழனி நோக்கிப் போகும் கூட்டமும் அப்படித்தான். திருச்சியிலிருந்து வேளாங்கண்ணி சுமார் 150 கிலோமீட்டர். அடிக்கு 70 சென்டிமீட்டர் வைத்தால் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அடிகள், ஒவ்வொரு பாதத்துக்கும் ஒரு லட்சம். நடையில் ஒவ்வொரு முறையும் பாதத்தில் விழுவது உடல் எடையைவிடச் சற்று அதிகமான விசை. வெயில் நேரத்தில் தார்ச்சாலை கொதிக்கும். வெறுங்காலோடு போகிறவர்கள் சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டின்மேல் கோடு தப்பாமல் நடப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? வெள்ளை வண்ணம் வெயிலைத் திருப்பி அனுப்புவதால் அங்கே சூடு குறைவு. இதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, உள்ளங்காலே சொல்லியது. உள்ளங்கால் பேசாதவர் கருப்புத் தாரின்மேலேயே நடப்பார், சாயங்காலம் கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்குத் தெரியும். சில நேரம் அதையும் கூட வந்தவர்தான் பார்த்துச் சொல்வார். அந்தக் கொப்புளம் புண்ணாகி, சீழ்பிடித்து, விரலையோ காலையோ எடுப்பதில் முடிகிற கதைகளைச் சர்க்கரை மருத்துவமனைகளில் யாரும் வியப்போடு கேட்பதில்லை.

பாதயாத்திரையை நிறுத்தச் சொல்லி எழுதவில்லை. நன்றாக உணர்ச்சியுள்ள பாதத்துக்கு நடை மருந்து. மரத்த பாதத்துக்கும் நடை தேவைதான், தக்க செருப்போடு. தேவையெல்லாம் எந்தப் பாதம் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது. அதற்கு வழி மிக எளிது. 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையை உள்ளங்காலில் சில இடங்களில் தொட்டு, கண்ணை மூடியிருப்பவரிடம் தெரிகிறதா என்று கேட்பார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது, ஊசி கிடையாது. அரசும் ‘பாதம் பாதுகாப்போம்’ என்று சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்காகத் திட்டம் வைத்திருக்கிறது.

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் உங்கள் வீட்டில் நேர்த்திக்கடனுக்கு நடக்கக் கிளம்பினால், காவித் துணி எடுக்கும் முன் இந்தச் சோதனைக்கு அழைத்துப் போங்கள். உணர்ச்சி குறைந்திருந்தால் எம்.சி.ஆர். செருப்பும் பருத்திக் காலுறையும் இல்லாமல் அனுப்பாதீர்கள். புதுச் செருப்பானால் பத்து நாள் முன்பே வீட்டைச் சுற்றி நடந்து பழகட்டும். தங்குகிற ஒவ்வொரு இடத்திலும் இரண்டு உள்ளங்கால்களையும், விரல் இடுக்கு உட்பட, கூட இருப்பவர் விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சிவந்தோ சூடாகவோ ஓர் இடம் தெரிந்தால் மறுநாள் நடை வேண்டாம், பஸ் ஏறச் சொல்லுங்கள். பங்குச் சாமியாரும் பழனிப் பாதயாத்திரைக் குழுத் தலைவரும் புறப்படும் முன் இதை ஒரு முறை அறிவித்தால் இன்னும் நல்லது.